விடுதி அறையில் வழிபாடு: கல்லூரிக்குப் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி விடுதிக்கு வந்த முதல் சில வாரங்களுக்குள், தங்களுக்கு இறைநம்பிக்கை குறைந்துவிட்டது என்று பல மாணவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். காலையில் வழிபடத் தோன்றுவதில்லை. வாரந்தோறும் தவறாமல் சென்ற வழிபாட்டுத் தலத்துக்குச் செல்லாமலேயே வாரங்கள் கடந்துவிடுகின்றன. அதற்காக மனம் பெரிதாகப் பதறுவதும் இல்லை. ஆனால் வீட்டில் இருந்தவரை அந்த வழிபாட்டைத் தாங்கி நின்றது அவர்களுடைய நம்பிக்கை மட்டுமல்ல. யாரோ ஒருவர் முன்னதாக எழுந்தார், மற்றவர்களை எழுப்பினார், நோன்பு நாளை நினைவில் வைத்திருந்தார், கிளம்ப வேண்டிய நேரத்தைச் சொன்னார், சோம்பியவரைக் கடிந்துகொண்டார். அந்த ஏற்பாடு முழுவதும் வீட்டிலேயே தங்கிவிட்டது. மாணவர் மட்டும் பெட்டியோடு வந்திருக்கிறார். குறைந்திருப்பது நம்பிக்கையா, ஏற்பாடா என்று பிரித்துப் பார்க்காமல் விடுவதே முதல் தவறு. இங்கே சொல்லப்போகும் மற்றவற்றில் பலவும் அதிலிருந்து கிளைப்பவை.

தள்ளிப்போடுவதும் அள்ளிப்போட்டுக்கொள்வதும்

"முதலில் படிப்பில் காலூன்றிக்கொள்கிறேன், பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்" என்பது நியாயமாகத் தோன்றும் எண்ணம். ஆனால் புதிய இடத்தில் பழக்கங்கள் நமக்காகக் காத்திருப்பதில்லை. எந்த நேரத்தில் எழுவது, எழுந்ததும் கை எதைத் தேடுவது, இரவில் எதைச் செய்துவிட்டு உறங்குவது என்பவை எல்லாம் முதல் மாதத்திலேயே தாமாக அமைந்துவிடுகின்றன. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற நடு அளவில் 66 நாட்கள் ஆவதாகவும், ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபடுவதாகவும் மதிப்பிட்டது. அது உணவு, உடற்பயிற்சி போன்ற பழக்கங்களைப் பற்றிய ஆய்வுதான், வழிபாட்டைப் பற்றியதல்ல. ஆயினும் அதிலிருந்து மாணவர் எடுத்துக்கொள்ளத்தக்க செய்திகள் இரண்டு உண்டு. செயலை அன்றாடம் தவறாமல் நிகழும் வேறொன்றோடு, அதாவது பல் துலக்கி முடிப்பதோடு அல்லது வகுப்பிலிருந்து அறைக்குத் திரும்புவதோடு, இணைத்தே அந்த ஆய்வில் பழக்கம் உருவாக்கப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியது அந்த உருவாக்கத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை.

இந்த இரண்டாவது செய்தியை அறியாதவர்களே எதிர்த்திசையில் தவறு செய்கிறார்கள். வீட்டைப் பிரிந்த குற்ற உணர்ச்சியில், வீட்டில்கூடக் கடைப்பிடிக்காத கடுமையான நியமங்களைத் தங்கள்மேல் சுமத்திக்கொள்கிறார்கள்: விடியுமுன் ஒரு மணி நேர தியானம், வாரத்தில் மூன்று நாள் நோன்பு, நாளுக்கு ஓர் அதிகாரம் வாசிப்பு. பத்தாம் நாள் உறங்கிப்போகிறார்கள். பதினோராம் நாள் எல்லாவற்றையும் சேர்த்தே கைவிடுகிறார்கள். பௌத்த மரபில் சோணன் என்ற துறவியின் கதை இதையே பேசுகிறது. பாதங்களில் குருதி வழியும்வரை நடைதியானம் செய்தும் பயன் காணாமல், துறவையே விட்டுவிடலாமா என்று எண்ணிய அவரிடம், முன்பு வீணை வாசித்தவர் என்பதால், நரம்பை மிகவும் முறுக்கினால் இசை வருமா, மிகவும் தளர்த்தினால் வருமா என்று புத்தர் கேட்டார். கீதையின் ஆறாம் அத்தியாயமும் மிகையாக உண்பவருக்கும் உண்ணாதவருக்கும், மிகையாக உறங்குபவருக்கும் விழித்தே இருப்பவருக்கும் யோகம் கைகூடாது என்கிறது. ஐந்து நிமிட வழிபாட்டைப் பருவம் முழுவதும் காப்பாற்றியவருக்கு, அடுத்த பருவத்தில் அதைப் பத்து நிமிடமாக்குவதில் சிரமம் இருக்காது.

தக்க இடம் இல்லை என்பதும் அடிக்கடி கேட்கும் காரணம். பூமி முழுவதுமே தொழுமிடமாக ஆக்கப்பட்டது என்பது நபிமொழி. அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டு வேண்டச் சொல்வது மத்தேயு நற்செய்தி. கட்டிலின் ஓரமே போதும் என்று சமயங்களே ஒப்புக்கொள்ளும்போது, மாணவர் அவற்றைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டியதில்லை.

நாட்காட்டியைப் பார்க்காதது

இது சிறிய தவறுதான், ஆனால் ஆண்டுதோறும் நடப்பது. இசுலாமிய ஆண்டு ஏறக்குறைய 354 நாட்களே கொண்டதால், ரமலான் மாதம் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னதாக வருகிறது. மேற்கத்தியத் திருச்சபைகளின் ஈஸ்டர் ஞாயிறு மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எங்கும் அமையலாம். யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை மாலையிலேயே தொடங்கிவிடுவதால், அன்று மாலை நேர ஆய்வக வகுப்பு இருந்தால் ஒவ்வொரு வாரமும் மோதல்தான். இவை எதுவும் திடீரென்று முளைப்பவை அல்ல. பருவத்தின் தொடக்கத்தில் கால அட்டவணையையும் சமய நாட்காட்டியையும் அருகருகே வைத்துப் பார்த்து, மோதும் நாட்களைக் குறித்துக்கொண்டு, மூன்று வாரங்களுக்கு முன்பே ஆசிரியரிடம் எழுத்தில் தெரிவிப்பவருக்கு மாற்று ஏற்பாடு கிடைக்க வாய்ப்புண்டு. முந்தின இரவு சொல்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சந்தேகப் பார்வை மட்டுமே. அதில் ஆசிரியரைக் குறை சொல்லவும் முடியாது.

தங்கள் சமயம் அளித்திருக்கும் விலக்குகளை மாணவர்களே அறியாமல் இருப்பதும் இதனோடு சேர்ந்தது. நோயுற்றவரும் பயணத்தில் இருப்பவரும் நோன்பைப் பின்னொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளக் குர்ஆன் இடம் தருகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி, குறைத்து உண்ணும் நோன்புக் கடமை 18 வயது நிறைந்தவருக்குத் தொடங்கி அறுபதாம் வயது தொடங்கும்போது முடிகிறது. அதாவது கல்லூரிக்குள் நுழையும் வயதில்தான் அந்தக் கடமையே வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. யூத மரபில், உயிருக்கு ஆபத்து என்றால் பாவமன்னிப்புப் பெருநாளான யோம் கிப்பூரின் நோன்பையே முறித்தாக வேண்டும். எனவே நீரிழிவுக்கோ வலிப்புக்கோ மருந்து உட்கொள்ளும் மாணவர், மருத்துவரிடமும் சமயம் அறிந்த ஒருவரிடமும் கேட்காமல், நண்பர்கள் நோன்பிருக்கிறார்களே என்று தானும் நோன்பிருப்பதைப் பக்தி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஐயத்தைத் துரோகம் என்று எண்ணுவது

எல்லாவற்றிலும் கனமான தவறு இது. வகுப்பில் பரிணாமக் கொள்கையோ, மறைநூல்கள் தொகுக்கப்பட்ட வரலாறோ, சமய நிறுவனங்கள் இழைத்த அநீதிகளோ பேசப்படும்போது ஒரு கேள்வி எழுகிறது. ஒரு சிலர் அதைக் கேட்டதே பாவம் என்று அஞ்சி அழுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் கேள்வி எழுந்த அன்றே எல்லாம் பொய் என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டிலும் கேள்விக்கு உரிய நேரம் கொடுக்கப்படவில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய ஏற்றத்தாழ்வு ஒன்று உண்டு. மாணவரின் இயற்பியல் அறிவு ஆண்டுதோறும் புதுப் பாடநூலோடு வளர்ந்து பதினெட்டு வயதுக்கு வந்திருக்கிறது. சமய அறிவோ பத்து வயதில் கேட்ட கதைகளோடு நின்றுபோயிருக்கிறது. இவ்விரண்டையும் மோதவிட்டால் எது தோற்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு சமயத்தை ஏற்பதோ மறுப்பதோ, அதன் சிறந்த சிந்தனையாளர்கள் அதே கேள்வியை எப்படி எதிர்கொண்டார்கள் என்று பார்த்த பிறகு நடந்தால்தான் அது தீர்மானம். அதற்கு முன் நடப்பது சலிப்பு.

அவர்கள் எதிர்கொண்ட விதம் பெரும்பாலும் மெதுவானது. கிறித்தவத்தின் பெரும் சிந்தனையாளரான அகஸ்டின் பதினேழு வயதளவில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகருக்குப் படிக்கச் சென்றவர்; பத்தொன்பது வயதில் மானிக்கேயம் என்ற வேறொரு நெறிக்குச் சென்று ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அதில் இருந்தார்; கிறித்தவத்தை உறுதியாக ஏற்றது 386-இல்தான். பாக்தாதின் புகழ்பெற்ற கல்விக்கூடத்தில் தலைசிறந்த ஆசிரியராக இருந்த இசுலாமிய அறிஞர் அல் கஸ்ஸாலி, 1095-இல் உள்ளப் போராட்டம் முற்றி, வகுப்பில் வாய்திறந்து பேசவும் இயலாத நிலைக்கு வந்து, பதவியைத் துறந்து வெளியேறினார். பின்னாளில் அந்தப் போராட்டத்தைத் தாமே வெளிப்படையாக எழுதியும் வைத்தார். ஐயம் படிக்காதவர்களுக்கு வருவது, அல்லது பக்தியில் குறையுள்ளவர்களுக்கு வருவது என்ற எண்ணத்துக்கு இவர்கள் இடம் தருவதில்லை.

அறிவியல் படிக்கும் மாணவர்கள் இன்னொரு முடிவுக்கும் அவசரமாக வருவார்கள்: ஆய்வகமும் வழிபாடும் ஒரே மனிதருக்குள் இருக்க முடியாது. பட்டாணிச் செடிகளைக் கொண்டு மரபுப் பண்புகளின் விதிகளைக் கண்டு 1866-இல் வெளியிட்ட கிரிகோர் மெண்டல் ஒரு துறவி. பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927-இல் எழுதிய ஜார்ஜ் லமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு; 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசியபோது, இரண்டையும் அப்படிக் கலப்பதை லமேத்ர் விரும்பவில்லை. 1979-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அப்துஸ் சலாம் தம் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். இந்த எடுத்துக்காட்டுகள் எந்தச் சமயத்தையும் மெய்யென்று நிறுவுவதில்லை. நம்பிக்கை இல்லாத பெரிய அறிவியலாளர்களின் பட்டியலும் இதைவிடச் சிறியதல்ல. இருக்கவே முடியாது என்ற சொல் தவறு என்பதை மட்டுமே இவை காட்டுகின்றன.

உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966-இல், இளைஞர்கள் தங்கள் கொள்கைகளை அடையும் விதத்தை நான்கு நிலைகளாகப் பிரித்தார். தேடிப் பார்க்காமலேயே பெற்றோரின் முடிவைத் தன் முடிவாக வைத்திருப்பது அவற்றில் ஒன்று. முடிவு இன்னும் வராமல் தேடிக்கொண்டிருப்பது மற்றொன்று. பின்னதில் இருப்பவருக்குத்தான் மனக்கலக்கம் மிகுதி. கலக்கம் இருப்பதாலேயே தவறான பாதையில் இருப்பதாக எண்ண வேண்டியதில்லை. அந்தத் தேடலின் முடிவில் ஒருவர் நம்பிக்கையை விட்டும் போகலாம். அதை நேர்மையாகச் செய்தவரை நான் குறைத்து மதிப்பதில்லை. ஆனால் தேர்வு வாரத்தில், மூன்று இரவு சரியாக உறங்காத நிலையில், அந்த முடிவை எடுக்கக் கூடாது.

கூட்டத்தில் கரைவதும், கூட்டத்திடம் சிக்குவதும்

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் நடத்திய சோதனைகளில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய கேள்விக்குக்கூட, சுற்றியிருந்தவர்கள் திட்டமிட்டு ஒருமித்துத் தவறான விடை சொன்னபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விடைகள் அவர்களைப் பின்பற்றியே வந்தன. உடன்படாத ஒரே ஒருவர் அறையில் இருந்தபோது அந்தப் பின்பற்றல் வெகுவாகக் குறைந்தது. வழிபடுவதையோ குடிக்காமல் இருப்பதையோ கேலி செய்யும் நண்பர் வட்டத்தில் தனியாக நிற்பது ஏன் அவ்வளவு கடினம் என்பதும், அதற்கு ஒரு பெரிய அமைப்பு தேவையில்லை, ஒத்த மனமுடைய ஒருவர் போதும் என்பதும் இதிலிருந்து புரியும். அவர் வேறு சமயத்தவராக இருந்தாலும் குறையில்லை. என் மாணவப் பருவத்தில் வழிபாட்டு நேரத்தை எனக்கு நினைவூட்டியவர் என் சமயத்தைச் சேர்ந்தவரே அல்லர்.

அறைத்தோழரிடம் முதல் வாரத்திலேயே பேசிவிட வேண்டும். விடியற்காலை அலாரம், விளக்கு, உரத்த ஓதல் ஆகியவை பற்றி முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்ளாதவர்கள், நவம்பர் மாதச் சண்டையைச் சமயச் சண்டை என்று தவறாக எண்ணிக்கொள்கிறார்கள். அது உறக்கத்துக்கான சண்டை.

மாறாக, தனிமை மிகுந்த முதல் வாரங்களில் அளவுக்கு மீறிய அன்போடு அணுகும் குழுக்கள் உண்டு. பெயர் தெரியும் முன்பே உறவு கொண்டாடுவது, கேள்வி கேட்டால் முகம் சுளிப்பது, வீட்டாரிடம் சொல்ல வேண்டாம் என்பது, பழைய நண்பர்களை விலக்கச் சொல்வது, வகுப்பைத் தவிர்த்துக் கூட்டத்துக்கு வரச் சொல்வது, பணத்தையோ கையெழுத்தையோ உடனே கேட்பது ஆகியவற்றில் இரண்டு தென்பட்டாலும் விலகிவிடலாம். நல்ல அமைப்பு எதுவும் ஒரு மாதம் யோசித்துவிட்டு வருகிறேன் என்பதைத் தடுப்பதில்லை.

வேண்டுதலும் நோயும்

படிக்காமல் விட்டதற்கு இறைவனிடம் பேரம் பேசுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதைச் செய்யாதவர் யார்? ஆனால் உறக்கமின்மை, எதிலும் ஈடுபாடின்மை, தீராத சோர்வு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதை நம்பிக்கைக் குறைவு என்று எண்ணி வழிபாட்டை மட்டும் கூட்டிக்கொண்டே போவது ஆபத்தானது. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரிடமோ கல்லூரியின் மனநல ஆலோசகரிடமோ செல்ல வேண்டும். தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் அன்றே செல்ல வேண்டும். கால் முறிந்தால் கட்டுப்போட்டுக்கொண்டு வேண்டுகிறோம்; இங்கும் இரண்டும் உடன் நடக்கலாம்.

வீட்டாரிடம் பேசும்போது

"வழிபட்டாயா?" என்று தொலைபேசியில் கேட்கும்போது, இல்லை என்றால் வருத்தப்படுவார்கள் என்று ஆம் என்பது எளிது. ஒரு பருவம் அப்படியே கழிந்தால், வீட்டார் பேசிக்கொண்டிருப்பது அவர்கள் கற்பனை செய்துகொண்ட ஒருவரிடம்தான். "இந்த வாரம் மூன்று நாள்தான் முடிந்தது" என்பது உண்மை, அதில் அவமரியாதையும் இல்லை. எழுந்துள்ள ஐயங்களை எல்லாம் அதே அழைப்பில் கொட்டிவிட வேண்டும் என்பதில்லை. நேரில் பேச வேண்டியவை நேரில் பேசப்படட்டும்.

முதல் விடுமுறையில் வீடு திரும்பும்போதுதான் கடைசித் தவறு நிகழ்கிறது. புதிதாகப் படித்தவற்றைக் கொண்டு, பெற்றோர் செய்யும் வழிபாட்டில் இது மூலநூலில் இல்லை, இது வெறும் வழக்கம் என்று திருத்தத் தொடங்குகிறார்கள். சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஐந்து நிமிடத்தை ஒரு பருவம் காப்பாற்றவே திணறியவர், அலுவலும் நோயும் இரவுப் பணியும் நடுவே இருபது ஆண்டுகள் ஒரு வீட்டுக்கே அதைக் காப்பாற்றியவரிடம் முதலில் கேட்கத்தக்க கேள்வி வேறு: முடியாத நாட்களில் என்ன செய்தீர்கள்?