தேய்ந்த செரிஃப் எழுத்துரு: டிசைனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காபி லேபிளோ, கல்யாண அழைப்பிதழோ, புத்தக அட்டையோ, பழமை தெரிய வேண்டும் என்றதும் ஓரம் சிதைந்த செரிஃப் எழுத்துருவை, அதாவது கோட்டின் முனையில் சிறு கால் வைத்த ஆங்கில எழுத்துருவை, தேடுகிறோம். தேடுவதில் தப்பில்லை. அந்தச் சிதைவு எப்படி வந்தது என்று தெரியாமல் போடும்போதுதான் வேலை கெடுகிறது. ஈய எழுத்து அச்சாகி அச்சாகித் தேயும். நனைத்த தாளில் மை ஓரம் தாண்டிப் பரவும். பழைய நூல்களின் கரடுமுரடுக்கு இவைதான் காரணம்.

பெயரை நம்பிக் காலத்தை முடிவு செய்வது முதல் தவறு. கேஸ்லன் ஆண்டிக் என்ற எழுத்துருவை 18ஆம் நூற்றாண்டு லண்டனின் அச்செழுத்துக் கலைஞர் வில்லியம் கேஸ்லன் செய்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அது 1890களில் அமெரிக்காவின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற அச்செழுத்து வார்ப்பகத்துக்காக பெர்ன் நடால் வரைந்தது. முதலில் வைத்த பெயரோ ‘ஃபிஃப்டீன்த் செஞ்சுரி’, அதாவது 15ஆம் நூற்றாண்டு! 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து அச்சு வேண்டுமென்றால் இகினோ மரினி உருவாக்கிய ஐஎம் ஃபெல் எழுத்துரு வரிசைக்குப் போங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பிஷப் ஜான் ஃபெல் சேர்த்த அச்சுகளிலிருந்து உருவானது அது; இலவசம், கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கிறது.

அடுத்தது அளவு. தலைப்பில் அழகாகத் தெரியும் கீறல், 9 பாயின்ட் பத்தியில் அச்சுப் பிழை போல ஆகிவிடும். ஃபெல் வரிசையில் பத்திக்கு டிடபிள்யூ பைகா, பெரிய தலைப்புக்கு பிரெஞ்சு கேனன் என்று தனித்தனி எழுத்துருக்கள் இருக்கின்றன. இடம் மாற்றிப் போடாதீர்கள். இவற்றில் போல்டு கிடையாது. போல்டு பட்டனை அழுத்தினால் மென்பொருள் தானாகத் தடிமனாக்கி ஓரத்தின் நுணுக்கத்தை மூடிவிடும்.

என் கண்ணை அதிகம் உறுத்துவது ஒரே காயம் திரும்பத் திரும்ப வருவதுதான். காபி என்று ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு எஃப், இரண்டு ஈ அடுத்தடுத்து நிற்கும். இரண்டு எஃப்பிலும் ஒரே கீறல், இரண்டு ஈயிலும் ஒரே கீறல் என்றால் கணினி வேலை என்று உடனே தெரிந்துவிடும். எழுத்துருவில் மாற்று வடிவங்கள் இருந்தால் டிசைன் மென்பொருளின் ஓபன்டைப் (எழுத்துருவின் கூடுதல் வசதிகள்) அமைப்பில் இயக்குங்கள். இல்லாவிட்டால் தலைப்பை அவுட்லைனாக்கி (எழுத்தை வெறும் வரைபடமாக மாற்றி) ஒன்றிரண்டு எழுத்தைக் கையால் திருத்துங்கள். ஐந்து நிமிடச் சிரமம்தான், வேலையின் தரமே மாறும்.

சிதைந்த எழுத்துக்கு மேல் கறை படிந்த தாள், நிழல், மங்கல் எல்லாம் சேர்த்தால் எதுவும் படிக்க வராது. ஒன்று போதும்.

அப்புறம், எதில் வெளிவரப்போகிறது என்று பாருங்கள். ஸ்டிக்கர் தாள் வெட்டும் வினைல் கட்டரில் பொடித் துணுக்குகள் பிய்ந்து வரும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் சிறு ஓட்டைகள் மையால் அடைபடும். ‘இலவசம்’ என்று இறக்கிய எழுத்துருவுக்கு வணிக உரிமம் உண்டா என்றும் பாருங்கள்.

தமிழும் சேர்ந்து வரும் வேலை என்றால் இன்னும் கவனம் வேண்டும். இந்த எழுத்துருக்களில் தமிழ் இல்லை. அதனால் தமிழ் வரி மட்டும் பளிச்சென்று தனியாக நிற்கும். அதைச் சரிக்கட்ட தமிழ் எழுத்தின் மேல் கறை டெக்ஸ்சரைப் போட்டால் புள்ளி அழிந்து ‘பால்’ ‘பால’ ஆகிவிடும். தெறித்த மைத்துளி ஒன்று எழுத்தின் தலைமேல் விழுந்தால் இல்லாத புள்ளி முளைக்கும். தமிழில் ஓரங்களை மட்டும் லேசாகக் கரடாக்குங்கள், புள்ளியைத் தொடாதீர்கள். அச்சுக்கு அனுப்பும் முன் உண்மையான அளவில் ஒரு தாள் எடுத்து, அதைப் பார்த்திராத ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள்.