பள்ளியில் விவசாயம்: முதலில் ஆசிரியர் கையில் மண் படட்டும்

பள்ளியில் விவசாயம் சொல்லித்தரக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நேராகப் பிள்ளைகளிடம் போய்விடுகிறார்கள். நாம் ஒரு நாள் போய் நட்டுவிட்டு வந்துவிடுவோம், அடுத்த வாரம் செடி வாடி நிற்கும்போது பிள்ளைகள் கேட்பது அவர்களுடைய ஆசிரியரைத்தான், அவருக்கும் தெரியவில்லையென்றால் அந்தப் பாத்தியை அத்தோடு மறந்துவிட வேண்டியதுதான். அதனால் பிள்ளைகள் செய்யப்போகும் எல்லாவற்றையும் ஆசிரியர்கள் ஒன்றரை மாதம் முன்னதாகவே செய்து பார்த்துவிட வேண்டும். சொற்பொழிவெல்லாம் வேண்டாம். ஆளுக்கு ஒரு தொட்டி, கொஞ்சம் தட்டைப்பயறு, போதும்.

விதைப்பதற்கு முன்னால் முளைப்புச் சோதனை. ஈரத்துணியில் பத்து விதைகளைச் சுருட்டி வையுங்கள், துணி காயவும் கூடாது, தண்ணீர் சொட்டவும் கூடாது. மூன்று நான்கு நாளில் பிரித்துப் பார்த்து ஏழு முளைத்திருந்தால் 70 சதவீதம். அப்படியானால் 100 செடி வேண்டுமென்றால் எத்தனை விதை போட வேண்டும்? 143. 'எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்' என்று ஓரமாக உட்கார்ந்திருக்கும் கணக்கு ஆசிரியரை இந்த இடத்தில்தான் உள்ளே இழுக்க முடியும்.

மண்ணைச் சோதிக்க ஒரு கண்ணாடி பாட்டில் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்துவிடுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் இறங்கிவிடும், வண்டல் சில மணி நேரத்தில், களிமண் அடங்க ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். மேலே மிதக்கிற சருகுத் துணுக்குகளைக் காட்ட மறக்காதீர்கள்.

விதையை அதன் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் ஊன்றினால் போதும். ஒரே ஒரு தொட்டியில் மட்டும் வேண்டுமென்றே ஒரு சாண் ஆழத்தில் போடச் சொல்லுங்கள், அது ஏன் வெளியே வரவில்லை என்று தோண்டிப் பார்ப்பது நல்ல பாடம். அப்புறம் தண்ணீர். பள்ளித் தோட்டத்துச் செடி காய்ந்து சாவதைவிட, முப்பது பிள்ளைகள் ஆளுக்கொரு குவளை ஊற்றி வேர் அழுகிச் சாவதுதான் அதிகம் என்பது என் அனுபவம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது என்று சட்டம் போடுங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் ஐந்தாவது வாரம். தட்டைப்பயற்றுச் செடியைப் பிடித்து இழுக்காமல், சுற்றிலும் கொத்தி மண்ணோடு எடுத்து, வாளித் தண்ணீரில் மெல்ல அலசுங்கள். வேரில் சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டியிருக்கும். இழுத்திருந்தால் அவை மண்ணிலேயே அறுந்து தங்கியிருக்கும். 'நோயா?' என்று யாராவது கேட்பார்கள், உடனே பதில் சொல்லாதீர்கள். ஓர் உருண்டையை நகத்தால் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அந்த நிறம் நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதத்தால் வருவது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது, வேர்முடிச்சு எனப்படும் இந்த உருண்டைக்குள் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியாதான் பிடித்துக் கொடுக்கிறது, பதிலுக்குச் செடி அதற்குச் சர்க்கரை தருகிறது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததை விரல் நுனியில் பார்த்த ஆசிரியர், வகுப்பில் அதைச் சொல்லும் விதமே வேறு. வெட்டினால் வெள்ளையாக இருந்தால் ஏமாற வேண்டாம், இன்னும் முதிரவில்லை, ஒரு வாரம் கழித்து வேறு செடியைத் தோண்டுங்கள்.

செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்தால் மருந்துப் புட்டியைத் தேடாதீர்கள், அதைத் தின்னும் பொறிவண்டு வருகிறதா என்று இரண்டு நாள் பார்க்கலாம். இன்னொன்று, தப்பு செய்த பிள்ளையைத் தண்டனையாகக் களையெடுக்க அனுப்புகிற பழக்கம் இருந்தால் தயவுசெய்து முதல் நாளே நிறுத்துங்கள், மண்வேலை அவமானம் என்று அதைவிடத் தெளிவாகச் சொல்லித்தர முடியாது.

பயிரைத் தேர்ந்தெடுக்கும் முன் விடுமுறைப் பட்டியலை எடுத்துப் பின்னாலிருந்து எண்ணுங்கள். கீரையும் முள்ளங்கியும் ஒரு மாதத்தில் கைக்கு வரும், வெண்டை முதல் பறிப்புக்கே ஒன்றரை மாதம் கேட்கும். தட்டைப்பயற்றில் இரண்டு செடியை மட்டும் பறிக்காமல் நெற்று காய விட்டு, விதையை உலர்த்தி எடுத்து வையுங்கள். அடுத்த ஆண்டுப் பிள்ளைகளின் ஈரத்துணிக்கு அதுதான்.