தாமான் வீதியில் காரை நிறுத்தும் முன்

தோட்டத்து லயங்களில் வாழ்ந்த காலத்தில் வீட்டுக்கு ஒரு சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ இருந்தது; பந்திங் போன்ற மலேசிய ஊர்களின் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், இன்று ஒரே வீட்டில் மூன்று கார்கள் நிற்பதால், வீட்டு வாசலுக்கு முன்னுள்ள சாலையும் நமக்கே சொந்தம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அது பொதுச் சாலை. சிமெண்டு நிரப்பிய பெயிண்டு டின், பழைய நாற்காலி, பூச்சாடி ஆகியவற்றை வைத்து இடம் பிடிப்பது 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

முதல் காரைக் கேட்டுக்குள் நிறுத்துங்கள். மற்றதை வீதியில் நிறுத்த வேண்டியிருந்தால், எதிர்வரிசை வீட்டாரிடம் பேசி, இருவரும் ஒரே பக்கமாக நிறுத்த உடன்படுங்கள். இரு பக்கமும் கார்கள் நின்றால் தீயணைப்பு வண்டி நுழைய முடியாது.

முச்சந்தி முனையை அறவே தவிர்க்க வேண்டும். செம்பனைக் குலை ஏற்றிய லோரி திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும் என்பதால், முனையில் நிற்கும் காரின் கதவுதான் முதலில் நசுங்கும்.

கடைத்தெருவில் கட்டண நேரத்தைப் பலகையில் பார்த்து, கைப்பேசிச் செயலியில் வண்டி எண்ணைச் சரிபார்த்த பிறகே பணம் செலுத்துங்கள். ஓர் எழுத்து தவறினாலும் சம்மன் வரலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் ஐந்து நிமிடம்கூட நிறுத்தாதீர்கள்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு முதல்நாளே அண்டை வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். வண்டியின் முன்கண்ணாடியில் கைப்பேசி எண்ணை எழுதி வைக்கும்படி விருந்தினரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.