பூனை வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்: காய்ச்சல் சிரப் முதல் பூக்கட்டும் நூல் வரை

பூனையின் உடம்பு எப்போதுமே நம் கைக்குச் சூடாகத்தான் தெரியும். அதன் இயல்பான வெப்பநிலை 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்கு 102 என்றால் காய்ச்சல். பூனைக்கு அது சாதாரணம். இது தெரியாததால் நடப்பது என்ன? பூனை இரண்டு வேளை சாப்பிடாமல் சுருண்டு படுத்திருக்கும். தொட்டுப் பார்ப்பார்கள், கொதிக்கிற மாதிரி இருக்கும். வீட்டில் பிள்ளைக்கு வாங்கி வைத்த பாராசிட்டமால் சிரப்பை எடுத்து வாயில் ஊற்றிவிடுவார்கள். பூனைக்கு அன்பினால் செய்யப்படும் தவறுகளில் இதைவிடக் கொடியது வேறில்லை.

நம் கல்லீரல் பாராசிட்டமாலைக் குளுக்குரானிக் அமிலத்தோடு சேர்த்து வெளியே தள்ளிவிடும். அதைச் செய்யும் நொதி பூனைக்கு மிகவும் குறைவு. உள்ளே தங்கிவிடும் மருந்து நஞ்சாக மாறி ரத்தத்தின் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ஆக்ஸிஜனைச் சுமக்க வேண்டிய ஹீமோகுளோபின், அதைச் சுமக்க முடியாத மெத்தீமோகுளோபினாக மாறிப்போகிறது. சில மணி நேரத்துக்குள் ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், மூச்சு வாங்கும், முகமும் பாதங்களும் வீங்கும். நான்கு கிலோ எடையுள்ள பூனையைக் கொல்ல 500 மி.கி. மாத்திரையில் பாதி போதும். சிரப் இன்னும் ஆபத்து. 5 மி.லி.யில் 250 மி.கி. என்று அச்சிட்ட சிரப்பில் ஒரு டீஸ்பூன், ஒரு கிலோ குட்டிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கொடுத்துவிட்டது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறோமோ அவ்வளவு பலன். மாத்திரை அட்டையையோ பாட்டிலையோ கையோடு எடுத்துப் போய், எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே தனியாக ஒரு விஷம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. காய்ச்சலா என்று பார்க்க வேண்டுமானால் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் வாஸ்லின் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 103க்கு மேல் போனால் மருத்துவமனை.

உடம்பில் படுவதெல்லாம் வயிற்றுக்குப் போகும்

பூனை விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதி தன்னை நக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே அதன் ரோமத்திலும் பாதத்திலும் எது ஒட்டினாலும் அதை அது தின்றதாகத்தான் கணக்கு. தரை துடைக்க நாம் ஊற்றும் பினாயில் இப்படித்தான் உள்ளே போகிறது. தண்ணீரில் கலந்ததும் பால் போல வெளுக்கும் கிருமிநாசினிகளில் பல, ஃபீனால் வகைப் பொருள்களைக் கொண்டவை. பாராசிட்டமாலைக் கையாள முடியாத அதே கல்லீரலால் இவற்றையும் கையாள முடியாது. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கிய பூனைக்கு எச்சில் ஒழுகும், நாக்கில் புண் வரும். பினாயில் போட்டே ஆக வேண்டும் என்றால், துடைத்தபின் வெறும் தண்ணீரால் இன்னொரு முறை துடைத்து, தரை காயும் வரை பூனையை வேறு அறையில் வையுங்கள். துணி பீரோவில் போடும் அந்துருண்டை, நெஞ்சில் தேய்க்கும் கற்பூரத் தைலம், நீலகிரித் தைலம் எல்லாமே இந்த வரிசையில் சேரும்.

இதைவிட வேகமாகக் கொல்வது உண்ணி மருந்து. மதுரையைச் சுற்றி மேலூர், உசிலம்பட்டி, அலங்காநல்லூர் பக்கம் மாடு வைத்திருக்கும் வீட்டில், மாட்டுக்கு அடித்தது போக மிச்சம் பரணில் இருக்கும். பூனைக்குத் தெள்ளுப்பூச்சி வந்தால் அதிலேயே நாலு சொட்டுத் தண்ணீரில் கலந்து தேய்த்துவிடுகிறார்கள். அந்த மருந்துகளில் இருக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், நாய்க்கென்று விற்கும் சொட்டு மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின், இவை ஒரே குடும்பம். பூனையின் நரம்பு மண்டலத்துக்கு இவை ஆகவே ஆகாது. காது துடிப்பதில் ஆரம்பித்து, உடல் நடுக்கம், வலிப்பு என்று போகும். தவறித் தேய்த்துவிட்டால், வலிப்பு இன்னும் வராத பட்சத்தில், பாத்திரம் கழுவும் திரவத்தையும் வெதுவெதுப்பான தண்ணீரையும் கொண்டு உடனே கழுவி, துடைத்து, மருத்துவரிடம் ஓடுங்கள். வலிப்பு வந்துவிட்டால் கழுவ நிற்க வேண்டாம்.

பூனைக்கென்றே ஃபிப்ரோனில், செலமெக்டின் போன்ற சொட்டு மருந்துகள் எடைவாரியாகக் கிடைக்கின்றன. பிடரியில், தலை முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில், ரோமத்தை விலக்கித் தோல் மேல் விட வேண்டும். நாக்கு எட்டாத இடம் அது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு மருந்து வேண்டாம். நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாரி, பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். இதைத் தள்ளிப்போடவும் கூடாது, ஏனென்றால் தெள்ளுப்பூச்சி குடிக்கும் ரத்தத்திலேயே சின்னக் குட்டி வெளிறிச் செத்துப்போகும். பூனை மேல் தெரிவது கொஞ்சம்தான்; முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் படுக்கையிலும் தரை இடுக்கிலும் இருக்கின்றன. படுக்கைத் துணியை வாரம் ஒரு முறை வெந்நீரில் அலசி மொட்டை மாடி வெயிலில் போடாதவரை எந்த மருந்தும் முழுப் பலன் தராது.

படர்தாமரையும் இங்கே அதிகம் பார்க்கும் நோய். வட்டமாக ரோமம் உதிர்ந்து தோல் செதிலாக இருக்கும். வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளர்த்துவிடும். அதைத் தடவவே வேண்டாம்.

நூல்

மதுரை வீட்டில் நூலுக்குப் பஞ்சமில்லை. பூக்கட்டும் நூல், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுப் பிரித்த நூல், தையல் மிஷினுக்கு அடியில் கிடக்கும் நூல், சால்னா ஊறிய பார்சல் நூல். கடைசியில் சொன்னதுதான் பூனையை மிகவும் இழுக்கும், அதில் கறி வாசனை இருப்பதால்.

பூனையின் நாக்கில் இருக்கும் முட்கள் உள்பக்கமாகச் சாய்ந்தவை. ஒரு முனை உள்ளே போய்விட்டால், அதால் துப்ப முடியாது. விழுங்கிக்கொண்டேதான் போக வேண்டும். நூலின் ஒரு முனை நாக்குக்கு அடியிலோ வயிற்றிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் நகரும். குடல் அதைத் தள்ளத் தள்ள, சுருக்குப்பை வாயைப் போலச் சுருங்கிக்கொண்டு வரும். இழுபட்ட நூல் குடல் சுவரை அறுத்துவிடும். ஊசியோடு நூலை விழுங்கினால் சொல்லவே வேண்டாம். வாந்தி, சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு விலகிப்போவது, வயிற்றைத் தொட்டால் சீறுவது, இவை அடையாளம்.

ஆசனவாயில் நூல் தொங்குவதைப் பார்த்ததும் பிடித்து இழுக்கத் தோன்றும். இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். வாயில் தெரிந்தாலும் அப்படியே. நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் உள்ளே குடல் அறுபடக்கூடும். பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி. தடுப்பது எளிது: பூக்கட்டி முடித்ததும் மிச்ச நூலை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள், பார்சல் நூலையும் ரப்பர் பேண்டையும் மூடியுள்ள குப்பைக்கூடையில் போடுங்கள்.

மல்லிகை பூனைக்குக் கெடுதலா என்ற கேள்வி அடிக்கடி வரும். நாம் தலையில் வைக்கும் மல்லிகை விஷமில்லை. விஷமானது அரளி. திண்டுக்கல் மாவட்டத்தில் விதைக்காகப் பயிரிடும் கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், கொல்சிசின் நிறைந்தது. கல்யாணப் பூங்கொத்துகளில் வைக்கும் லில்லி இன்னும் மோசம்: அதன் மகரந்தம் ரோமத்தில் ஒட்டி நக்கினாலும், ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் சிறுநீரகம் செயலிழந்துவிடும். பூனை இருக்கும் வீட்டுக்குள் லில்லி வரவே கூடாது.

மண்ணில் உட்கார்ந்து முக்கும் கடுவன்

கடுவன் பூனை மலப்பெட்டிக்குத் திரும்பத் திரும்பப் போய் உட்காருகிறது, முக்குகிறது, கத்துகிறது, அடியில் நக்கிக்கொண்டே இருக்கிறது. பார்ப்பவர்கள் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுக்கிறார்கள். உண்மையில் அடைபட்டிருப்பது சிறுநீர்ப்பாதை. கடுவனின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. உப்புப் படிகமும் சளியும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி ஒன்றிரண்டு நாளில் இதயத்தை நிறுத்திவிடும். விளக்கெண்ணெயில் கழிகிறதோ இல்லையோ, அந்த நேரம் போய்விடுகிறது. நெருஞ்சிமுள் கஷாயம் கொடுப்பது அதைவிடத் தவறு. மூடியிருக்கும் பைக்குள் இன்னும் தண்ணீரை ஏற்றுவதுதான் அது. வயிற்றை அழுத்தினால் மூத்திரப்பை வெடிக்கலாம். சொட்டுச் சொட்டாகவோ ரத்தமாகவோ வந்தால், அல்லது வராமலே முக்கினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இதற்கான தடுப்பு தண்ணீரில் இருக்கிறது. நான்கு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 மி.லி. நீர் தேவை, உணவில் இருப்பதையும் சேர்த்து. பாக்கெட் உலர் தீனியில் நீர் பத்து சதவீதம் அளவுதான். வேகவைத்த இறைச்சியிலோ ஈர உணவிலோ அது முக்கால் பங்குக்கு அருகில் இருக்கும். உலர் தீனி மட்டும் தின்னும் பூனை, மே மாத மதுரை வெயிலில் தேவையான அளவு குடிக்காது. தினம் ஒரு வேளையாவது ஈர உணவு கொடுங்கள். மீசை இடிக்காத அகலமான மண்சட்டியில் தண்ணீர், தீனித் தட்டுக்குத் தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். காலையும் மாலையும் மாற்றுங்கள். மலப்பெட்டி, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும். தினமும் அள்ளிச் சுத்தம் செய்தால் எத்தனை முறை சிறுநீர் கழித்தது என்பது தானாகவே கண்ணில் படும். நோயை மறைப்பதில் பூனைக்கு நிகரில்லை. மலப்பெட்டியில்தான் அது முதலில் வெளிப்படும்.

பாலும் தயிர்ச்சோறும்

வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். பால்சோறும் தயிர்ச்சோறும் தின்று வளரும் பூனைக்கு வரும் கேடு இன்னும் ஆழமானது. டாரின் என்ற சத்தைப் பூனையால் தேவையான அளவு தானே தயாரித்துக்கொள்ள முடியாது. இறைச்சியிலிருந்துதான் பெற வேண்டும். அது குறைந்தால் விழித்திரை அழிந்து பார்வை போகும். இதயத் தசை தளர்ந்துபோவதும் அதனால்தான் என்று 1987-ல் அமெரிக்காவில் நிரூபித்தார்கள். அதன் பிறகே தீனி தயாரிப்பவர்கள் டாரின் அளவைக் கூட்டினார்கள். நாய்த் தீனியில் அந்த அளவு இருக்க வேண்டிய கட்டாயமில்லை. விலை குறைவு என்று அதைப் பூனைக்குப் போடாதீர்கள்.

வீட்டிலேயே சமைப்பவர்கள் கவனிக்க: டாரின் வேகவைத்த நீரில் கரைந்து போகும், ஆகவே அந்தச் சாற்றைக் கொட்டாமல் சேர்த்தே கொடுங்கள். கறிக்கடையில் கோழி இதயம் கேட்டு வாங்கிச் சேர்ப்பது நல்லது. ஈரலைத் தினமும் போட்டால் வைட்டமின் ஏ மிஞ்சி எலும்பு கெடும். எலும்பில்லாத கறி மட்டுமே தின்னும் குட்டிக்குக் கால்சியம் குறைந்து கால் வளைந்து, குதித்தாலே முறியும். வளரும் குட்டிக்குக் குட்டிகளுக்கான முழுமையான தீனியே பாதுகாப்பு. பச்சை மீன் சிலவற்றில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி உண்டு. மீனை வேகவைத்தே கொடுங்கள், அதுவும் எப்போதாவது. குழம்பில் கிடந்த மீன் மட்டும் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். கழுவிக் கொடுத்தாலும் அதில் ஊறியது போகாது.

எந்தக் காரணத்தாலோ பூனை இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றால், "பசித்தால் தானே தின்னும்" என்று விடாதீர்கள். குண்டான பூனை பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பு கல்லீரலில் போய்க் குவிந்து, மஞ்சள் காமாலையில் முடியும்.

வெயிலும் ஊசியும்

வாயைத் திறந்து இரைக்கும் பூனையை நாயைப் போல நினைக்கக் கூடாது. பூனை அப்படி இரைத்தால் அது ஆபத்து. தகரக் கூரைக்கு அடியிலோ மொட்டை மாடி அறையிலோ நண்பகலில் பூட்டி வைக்காதீர்கள். இரைத்தால் குழாய்த் தண்ணீரால் நனைத்து ஃபேன் காற்றில் வைத்து, பிறகு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி வெப்பம் உள்ளேயே நின்றுவிடும். கட்டைப்பையில் போட்டு டூ வீலரில் கொண்டு போவதை விடுத்து, காற்றோட்டமான கூடையில், காலை நேரத்தில் கொண்டு செல்லுங்கள்.

"வீட்டுக்குள்ளதானே இருக்கு, ஊசி எதுக்கு?" என்பது பலர் சொல்வது. பூனைப் பார்வோ வைரஸ் நம் செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும். தரையில் ஓராண்டு வரைகூட உயிரோடு இருக்கும். குட்டிகளை ஓரிரு நாளில் வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் கொன்றுவிடும். மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை எட்டாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி, 16 வாரம் ஆகும் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் போட வேண்டும். ஒன்றோடு நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சத்து முதல் ஊசியை முறியடித்துவிடலாம். குடற்புழு மருந்து இரண்டு வாரக் குட்டியிலிருந்தே தொடங்க வேண்டியது. கருத்தடை, பெட்டைக்கு ஐந்து மாதத்தை ஒட்டி. நான்கு மாதத்திலேயே சில பெட்டைகள் சினையாகும். அறுவைக்குப் பயந்து ஹார்மோன் மாத்திரையும் ஊசியும் கொடுப்பது, கருப்பைச் சீழுக்கும் மடிக்கட்டிக்கும் வழி திறப்பது.

வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி 12 வாரத்தில், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். பூனை கடித்தாலோ பிறாண்டி ரத்தம் வந்தாலோ மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போங்கள். உங்கள் பூனைக்கு ஊசி போட்டிருந்தால் அதன் தடுப்பூசிப் புத்தகத்தையும் எடுத்துப் போங்கள். எத்தனை ஊசி என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.