சர்க்கரை வருமா? ஒரு தையல் டேப்பை எடுங்கள்
சென்னை டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணைப் போட ஊசி குத்த வேண்டியதில்லை. வயது 35 முதல் 49 என்றால் 20, அதற்கு மேல் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20.

அப்புறம் இடுப்பு. பேன்ட் அளவை நம்பாதீர்கள், வயிற்றையும் எக்காதீர்கள். மூச்சை இயல்பாக விட்டு அளந்து, பெண்கள் 80 சென்டிமீட்டரைத் தொட்டால் 10, 90 என்றால் 20 போடுங்கள், ஆண்களுக்கு அந்த எல்லைகள் 90, 100.

உடற்பயிற்சியும் இல்லை, உட்கார்ந்தே வேலை என்றால் 30. பயிற்சி, கடின உழைப்பு இரண்டில் ஒன்று இருந்தால் 20, இரண்டும் இருந்தால் 0.

கூட்டினால் 60 அல்லது அதற்கு மேலா? தள்ளிப்போடாமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர் என்று ஏற்கெனவே இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம், நேராக மருத்துவரிடம் போய்விடுங்கள்.