கலப்பு மாத்திரை விழுங்கியவருக்கு முறிவு மருந்து: எங்கே தவறு நடக்கிறது?

குளோர்டையசிபாக்சைடு (பென்சோடையசிபைன் வகைப் பதற்ற மருந்து, தூக்கம் வரவழைக்கும்) 5 மி.கி., அமிட்ரிப்டிலின் (மனச்சோர்வு மருந்து) 12.5 மி.கி. இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை இந்தியாவில் விற்பனையில் உண்டு. அதை அட்டை அட்டையாக விழுங்கியவரை மயக்கத்தில் கேஷுவாலிட்டிக்குத் தூக்கி வருவார்கள். "தூக்க மாத்திரை சாப்பிட்டுட்டாங்க" என்பார்கள் வீட்டார். அதை மட்டும் நம்பி, பென்சோடையசிபைனுக்கு முறிவு மருந்தான ஃப்ளூமாசெனில் போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு.

அமிட்ரிப்டிலின் வலிப்பைத் தூண்டும், இதயத்தின் சோடியம் வாயில்களையும் அடைக்கும். கூடவே உள்ளே போன குளோர்டையசிபாக்சைடு அந்த வலிப்பை அடக்கி வைத்திருக்கும். ஃப்ளூமாசெனில் போட்டதும் அந்தக் காவல் போய்விடும். பிறகு வலிப்பு வந்தால், அதை நிறுத்தப் போடும் லோராசெபாமும் (இதுவும் பென்சோடையசிபைன்தான்) சரியாகக் கேட்காது, ஏனென்றால் அது போய் ஒட்ட வேண்டிய இடத்தை ஃப்ளூமாசெனில் பிடித்திருக்கிறது. வலிப்பால் ரத்தத்தில் அமிலம் ஏறும். அமிலம் ஏறினால் இதயத்தின் சோடியம் வாயில் அடைப்பு இன்னும் மோசமாகும். நெடுநாளாகத் தூக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும் தினசரி குடிப்பவர்களுக்கும் வலிப்பு அபாயம் உண்டு. இத்தனைக்கும், பென்சோடையசிபைன் மட்டும் என்றால் மூச்சுப்பாதையைக் காத்தாலே அநேகமாகப் பிழைத்துவிடுவார்கள்.

ஆகவே முதலில் மூச்சு, சர்க்கரை அளவு, ஈசிஜி. ஈசிஜியில் க்யூஆர்எஸ் (இதயக் கீழறைகள் துடிப்பதைக் காட்டும் அலை) அகலம் 100 மில்லிசெகண்டைத் தாண்டினாலோ, ஏவிஆர் என்ற லீடில் ஆர் அலை 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் எழுந்தாலோ அமிட்ரிப்டிலின் வகையைச் சந்தேகியுங்கள். அங்கே தேவை சோடியம் பைகார்பனேட், கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிஈக்விவலன்ட். நம்மூரில் பரவலாகக் கிடைக்கும் 7.5 சதவீத ஆம்பூலில் 10 மி.லி.க்கு சுமார் 9 மில்லிஈக்விவலன்ட்தான் இருக்கும். 60 கிலோ ஆளுக்கு முதல் டோஸுக்கே குறைந்தது 7 ஆம்பூல் வேண்டும். ஒன்றிரண்டை ஏற்றிவிட்டு "பைகார்ப் கொடுத்தாச்சு" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதில் பயனில்லை. ரத்த பிஎச் 7.45 முதல் 7.55 வரை இருக்கட்டும். பொட்டாசியம் இறங்கும், அதையும் பாருங்கள்.

ஓபியாய்டுக்கு (ஹெராயின், மார்ஃபின் வகை) முறிவு மருந்தான நலோக்சோன் கதை வேறு. ஓபியாய்டால் மூச்சு நின்றவருக்கு அதைக் கொடுக்கத் தயங்கக் கூடாது. முதலில் ஆம்பு பையால் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) காற்று கொடுங்கள், நலோக்சோன் அடுத்து. தவறு நடப்பது அளவில். ஓபியாய்டு பழக்கமுள்ளவருக்கு 0.4 மி.கி. ஆம்பூலை ஒரே தள்ளாகத் தள்ளினால் வாந்தி வரும். சாராயமோ தூக்க மாத்திரையோ உள்ளே இருப்பவர் அந்த வாந்தியை நுரையீரலுக்குள் இழுத்துக்கொள்வார். ஆம்பூலைச் சலைனோடு சேர்த்து 10 மி.லி. ஆக்கினால் மி.லி.க்கு 0.04 மி.கி. வரும். ஒரு மி.லி. கொடுத்து, இரண்டு மூன்று நிமிடம் பார்த்து, அடுத்தது. அவர் எழுந்து பேச வேண்டியதில்லை, போதுமான மூச்சு விட்டால் போதும். மூச்சு சீராகியும் மயக்கம் தெளியவில்லை என்றால் கூட வேறொன்று இருக்கிறது என்று பொருள். டோஸை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள்.

1995-96இல் நியூயார்க், ஃபிலடெல்ஃபியா பகுதிகளில் ஸ்கோபோலமின் (மனக்குழப்பமும் வெறியும் உண்டாக்கும் மருந்து) கலந்த ஹெராயின் புழங்கியது. மூச்சடங்கி வந்தவர்கள் நலோக்சோன் போட்டதும் வெறிபிடித்தவர்கள்போல் முரண்டுபிடித்தார்கள். ஹெராயின் அடங்கவே, அதுவரை மறைந்திருந்த ஸ்கோபோலமின் வெளியே வந்தது.

விழுங்கியது டிராமடால் (ஓபியாய்டு வகை வலி மாத்திரை) என்றால் நலோக்சோன் மூச்சைத் திருப்பும், ஆனால் வலிப்பைத் தடுக்காது.

நலோக்சோன் வேலை செய்வது 30 முதல் 90 நிமிடம். நீடித்து வேலை செய்யும் ஓபியாய்டு மாத்திரை அதைவிட நெடுநேரம் நிற்கும். தெளிந்துவிட்டார் என்று உடனே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். எதை விழுங்கியிருந்தாலும், கூடவே பாராசிட்டமாலும் போயிருக்கலாம் என்பதால், விழுங்கிய 4 மணி நேரம் கழித்துப் பாராசிட்டமால் அளவுக்கு ஒரு ரத்த மாதிரி எடுத்து அனுப்புங்கள்.