கீரைக்கட்டை அப்படியே ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்

கடையிலிருந்து வந்த கையோடு கீரைக்கட்டைப் பிளாஸ்டிக் பையுடன் ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் முதல் தவறு. வாடாமல் இருக்கக் கடைக்காரர் காலையிலிருந்து தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்திருப்பார். அந்த ஈரம் கட்டின் நடுவில் தங்கிவிடும். பறித்த பிறகும் இலை சுவாசிக்கிறது, அதில் சூடு உண்டாகும். அந்தச் சூடும் ஈரமும் வெளியேற வழி இருப்பதில்லை. பார்க்கப் பச்சைப்பசேலென்று இருக்கும் கட்டின் நடுவே விரலை விட்டுப் பாருங்கள், சில சமயம் வெதுவெதுவென்று இருக்கும். அழுகல் தொடங்குவது அங்கேதான்.

அதனால் முதலில் கட்டை அவிழ்த்துவிடுங்கள். பழுத்த இலை, நசுங்கிய தண்டு, கூடவே வரும் புல் எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு, ஈரம் போகும்வரை ஃபேனுக்குக் கீழே பரப்பி வையுங்கள். வாடும் அளவுக்கு விட வேண்டாம். அப்புறம் உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைக்கலாம். துணி நனைந்தால் மாற்றிவிடுங்கள். செய்தித்தாள் வேண்டாம். அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால், உணவைச் செய்தித்தாளில் பொதிய வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2016-லும் 2023-லும் எச்சரித்திருக்கிறது.

கழுவி வைத்தால் வேலை மிச்சம் என்று தோன்றும். ஆனால் ஈரக் கீரை சீக்கிரம் அழுகும். ஆய்ந்து வைக்கலாம், கழுவுவதும் நறுக்குவதும் சமைக்கும்போதுதான். அகலமான பாத்திரத்தில் அலசி, கீரையை மேலாக அள்ளி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால் அடியில் படிந்த மண் திரும்பவும் கீரையிலேயே ஒட்டும். மண் வருவது நிற்கும்வரை தண்ணீரை மாற்ற வேண்டியதுதான். நறுக்கிய பிறகு அலசினால் வைட்டமின் சி-யும் ஃபோலேட்டும் ஓரளவு தண்ணீரோடு போய்விடும்.

வாழைப்பழம், தக்காளி, ஆப்பிள் பக்கத்தில் கீரையை வைக்காதீர்கள். அவை வெளியிடும் எத்திலீன் வாயு இலையை மஞ்சளாக்கும். முருங்கைக்கீரையைத் துணியில் இறுக்கிச் சுற்றி ராத்திரி வைத்தால் காலையில் உதறும்போதே இலை கொட்டும், உருவும் வேலை மிச்சம். ஆனால் அது அன்றைக்கே சமைக்கத்தான். அப்படி உதிர்ந்ததை மேலும் நாள்கணக்கில் வைக்க முடியாது.

சமைத்த கீரையை அடுப்படியிலேயே விட்டுவைப்பதுதான் பாதுகாப்புக்கு உண்மையான ஆபத்து. கீரையில் இயல்பாகவே நைட்ரேட் உண்டு. வெளியே கிடந்தால் பாக்டீரியா பெருகி அதை நைட்ரைட்டாக மாற்றும். கைக்குழந்தைகளுக்கு இது ஆகவே ஆகாது. மீதியை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் தேவையானதை மட்டும் எடுத்து நன்றாகச் சூடாக்குங்கள்.

கடைசியாக, வாடிய கீரையைக் கண்டதும் குப்பையில் போட வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். வழவழத்து நாற்றம் வந்ததை மட்டும் அலசிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.